55 செண்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்ட நாய்கள்

வீவக வீடுகளில் பூனை வளர்க்க 34 ஆண்டுகளாக இருந்துவந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. உரிமம் பெற்று, நுண்சில்லு பொருத்தி, வீட்டுக்கு இரண்டு பூனைகள்வரை வளர்க்கலாம் என்றானது. அதுவரை திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து வாழ்ந்த பூனைகள் பல, சட்டபூர்வக் குடியிருப்பாளர்கள் ஆகும் வாய்ப்பைப் பெற்றன.

நாய்க் காப்பகங்களில் வார இறுதிகளில் கூண்டு கழுவும் இளையர்கள் சிலருக்கு அந்தச் செய்தி மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியையும் கொடுத்தது. நாங்கள் பார்த்துக்கொள்ளும் நாய்களுக்கு எப்போது?

“நாய்க்குத்தான் ஏற்கெனவே அனுமதி உண்டே?” என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஒரு வீவக வீட்டில் ஒரு நாய் வளர்க்கலாம். எந்த நாய் என்பதில்தான் சிக்கல்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பட்டியலில் அறுபதுக்கும் மேற்பட்ட நாய் இனங்கள் உள்ளன. பொமரேனியன், ஷி ட்சு, சிவாவா போன்ற சிறிய இனங்கள் அவை. பட்டியலில் இல்லாத நாயை வீவக வீட்டில் வைத்திருந்தால் 4,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கப்படலாம். தனியார் வீடுகளில் மூன்று நாய்கள்வரை வளர்க்கலாம். அங்கே இந்தப் பட்டியல் இல்லை. ஆனால், சிங்கப்பூர்வாசிகளில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் வசிப்பது வீவக வீடுகளில்தான்.

இப்போது காப்பகத்தில் இருக்கும் நாயை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது கலப்பினம். குட்டையான பழுப்பு அல்லது கறுப்பு முடி, நீண்ட கால்கள், எதையோ கேட்டபடியே இருக்கும் காதுகள். தொழிற்பேட்டையின் ஓரத்தில், காட்டு விளிம்பில், அல்லது வேலை முடிந்து ஆளில்லாமல் போன கட்டுமானத் தளத்தில் பிறந்திருக்கும். ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று அதற்குச் செல்லப் பெயர் உண்டு. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த அதற்குப் பட்டியலில் இடம் இல்லை. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்திறங்கும் பொமரேனியனுக்கு உண்டு.

அளவுநாடா எடுக்கும் முடிவு

இந்த முரண்பாட்டைத் தளர்த்தத்தான் 2012ஆம் ஆண்டில் ‘அடோர்’ திட்டம் தொடங்கப்பட்டது. ஆக்‌ஷன் ஃபார் சிங்கப்பூர் டாக்ஸ், எஸ்ஓஎஸ்டி போன்ற விலங்குநல அமைப்புகள் வழியாகக் கலப்பின நாய்களை வீவக வீடுகளில் தத்தெடுக்க அது வழிசெய்தது. நாய்க்குக் கருத்தடை செய்திருக்க வேண்டும், நுண்சில்லு பொருத்தியிருக்க வேண்டும், கீழ்ப்படிதல் பயிற்சி பெற வேண்டும். பொறுப்போடு வளர்ப்பேன் என்று உரிமையாளர் நடத்தை விதிமுறையில் கையெழுத்திட வேண்டும். தொடக்கத்தில் தோள்பட்டை உயரம் 50 செண்டிமீட்டர், எடை 15 கிலோகிராம் என்ற வரம்புகள் இருந்தன. 2020ஆம் ஆண்டில் எடை வரம்பு நீக்கப்பட்டது. உயர வரம்பு 55 செண்டிமீட்டர் ஆனது.

ஐந்து செண்டிமீட்டர் என்பது உங்கள் சுண்டுவிரலைவிடச் சற்றுக் குறைவான நீளம். அந்த நீளத்தால் எத்தனையோ நாய்களுக்கு வீடு கிடைத்திருக்கும். அதே கணக்கில், 57 செண்டிமீட்டர் உயரமுள்ள சாதுவான நாய் ஒன்று வாழ்நாள் முழுவதும் காப்பகத்திலேயே இருந்துவிடவும் கூடும்.

உயரத்தை ஏன் பார்க்கிறார்கள் என்பது புரியாமல் இல்லை. குறுகிய நடைபாதை, எட்டுப் பேர் நிற்கும் மின்தூக்கி, நாயைக் கண்டாலே நடுங்கும் பிள்ளை, கைத்தடியோடு நடக்கும் முதியவர். சிறிய நாய் தாவினால் அது ஒரு தொந்தரவு. பெரிய நாய் தாவினால் ஒருவர் கீழே விழலாம். இதைத் தள்ளிவிட முடியாது. அதோடு, உயரத்தை அளப்பது எளிது. அளவுநாடா பொய் சொல்லாது, யாரும் மேல்முறையீடு செய்ய முடியாது.

ஆனால் அண்டைவீட்டார் புகார் செய்வது எதைப் பற்றி? பெரும்பாலும் குரைப்பைப் பற்றியும், நடைபாதையில் அள்ளப்படாத கழிவைப் பற்றியும், வார் இல்லாமல் ஓடவிடுவதைப் பற்றியும்தான். இவை மூன்றும் நாயின் உயரத்தைச் சார்ந்தவை அல்ல. முதலாவது நாயின் குணத்தையும் பயிற்சியையும் சார்ந்தது. மற்ற இரண்டும் முழுக்க முழுக்க உரிமையாளரைச் சார்ந்தவை. நாள் முழுக்கக் குரைக்கும் 25 செண்டிமீட்டர் நாய் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக அதன் குரல் குறைந்துவிடுவதில்லை.

‘அடோர்’ திட்டத்தின் உண்மையான பலம் உயர வரம்பில் இல்லை என்பது என் கருத்து. பயிற்சியும் கையெழுத்தும்தான் அதன் பலம். நாயின் நடத்தையையும் உரிமையாளரின் பொறுப்பையும் கவனிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே அதில் இருக்கிறது. பட்டியலில் உள்ள நாயைக் கடையில் வாங்குபவருக்கு அந்தப் பயிற்சி நிபந்தனையும் கிடையாது. அப்படியிருக்க, பயிற்சி முடித்து, நடத்தையும் சோதிக்கப்பட்ட ஒரு நாயை அளவுநாடா மட்டும் திருப்பி அனுப்புவதற்கான காரணம் ஆண்டுக்கு ஆண்டு வலுவிழந்து வருகிறது.

இதற்கு நேர்மையான மறுப்பும் ஒன்று உண்டு. நெருக்கமான புளோக்கில் ஒரே ஒரு பெரிய நாய் ஒருவரைக் கடித்தால், அந்த ஒரு செய்தியே முழுத் திட்டத்தையும் பின்னுக்குத் தள்ளிவிடும். 2012ஆம் ஆண்டிலிருந்து மெல்ல மெல்ல வந்ததால்தான் இவ்வளவு தூரம் வர முடிந்தது என்று சொல்வோரை நான் குறை சொல்லமாட்டேன். வரம்பை ஒரேயடியாக நீக்காமல், வளர்ந்த, நன்கு சோதிக்கப்பட்ட நாய்களுக்கு மட்டும் இன்னொரு படி உயர்த்திப் பார்க்கலாம்.

குட்டிகள் குறையும்போது

இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருக்கிறது. 2018 நவம்பரில் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, நுண்சில்லும் தடுப்பூசியும் போட்டு, முடிந்தால் வீடு தேடித் தருவது, இல்லையேல் பொருத்தமான இடத்தில் விடுவது என்ற திட்டம் நாடளாவிய அளவில் தொடங்கியது. அப்போது சிங்கப்பூரில் ஏறத்தாழ 7,000 தெருநாய்கள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. ஐந்தாண்டுகளில் அவற்றில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றுக்குக் கருத்தடை செய்வது இலக்கு. அதற்கு முன்னர், புகார் வந்தால் பிடிக்கப்படும் நாய்களில் பலவற்றின் முடிவு கருணைக்கொலைதான்.

கருத்தடை பரவலாகும்போது தெருவில் பிறக்கும் குட்டிகள் குறையும். அது நல்ல செய்தி. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். மக்கள் தத்தெடுக்க விரும்புவது குட்டிகளை. குட்டிகள் குறையக் குறைய, காப்பகங்களில் மிஞ்சி நிற்பவை வளர்ந்த, பெரிய, மனிதரைக் கண்டு கூச்சப்படும் நாய்களாகவே இருக்கும். இனிமேல் தத்தெடுப்பு என்றால் பெரும்பாலும் இந்த நாய்களைப் பற்றிய பேச்சாகத்தான் இருக்கப்போகிறது.

கூச்சம் ஏன் வருகிறது? நாய்க்குட்டிக்கு ஏறக்குறைய மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம்வரை ஒரு பருவம் உண்டு. அந்தச் சில வாரங்களில் அது எதையெல்லாம் அச்சமின்றிப் பார்க்கிறதோ, கேட்கிறதோ, அதெல்லாம் அதற்கு உலகின் இயல்பான பகுதி ஆகிவிடும். பார்க்காதவை பின்னர் அந்நியமாகவே தோன்றும். காட்டோரத்திலோ காப்பகக் கூண்டிலோ அந்தப் பருவம் கழிந்தால், மின்தூக்கி, தூசு உறிஞ்சும் கருவி, சக்கர நாற்காலி, சீனப் புத்தாண்டின் சிங்க நடன மேளம், கீழ்த்தளத்துத் திருமண விருந்தின் ஒலிபெருக்கி எல்லாமே பின்னாளில் அதற்குப் பேய்கள்தான்.

இங்கேதான் விதிமுறையும் உயிரியலும் மோதிக்கொள்கின்றன. கலப்பினக் குட்டி எவ்வளவு உயரம் வளரும் என்பது தெரியப் பல மாதங்கள் ஆகும். அப்பாவும் அம்மாவும் யாரென்றே தெரியாத குட்டியை வைத்து யார் உறுதி கூற முடியும்? ஆனால் பழகும் பருவமோ மூன்றரை மாதத்தில் முடிந்துவிடுகிறது. உயரம் தெரியும்வரை காத்திருந்தால் பழகும் பருவம் போய்விடும். பழக்குவதற்காக முன்கூட்டியே வீட்டுக்குக் கொண்டுவந்தால், பின்னர் அது 58 செண்டிமீட்டருக்கு வளர்ந்து நிற்கலாம்.

ஆறு வார விருந்தாளி

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது தற்காலிக வளர்ப்பு. தத்தெடுத்தால் நாய் உங்களுடையது. தற்காலிகமாக வளர்த்தால், நிரந்தர வீடு கிடைக்கும்வரை நாய் உங்கள் வீட்டில் தங்கும். பொறுப்பு அமைப்பினுடையதாகவே இருக்கும். மருத்துவச் செலவைப் பெரும்பாலும் அமைப்பு ஏற்றுக்கொள்ளும். உணவு, நேரம், பொறுமை உங்களுடையவை. சில அமைப்புகளில் ஏற்பாடு மாறலாம், முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. தற்காலிகம்தானே என்று வீவக விதிகளை ஓரம்கட்ட முடியாது. ஆகவே வீவக வீட்டுக்கு அனுப்பும் நாயை அமைப்புகள் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கின்றன.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு விருந்தாளி ஆறு வாரம் தங்கியது. கறுப்புப் பெண் நாய், மூன்று வயது இருக்கலாம். உயரம் 52 செண்டிமீட்டர். காப்பகத்தில் அது எல்லாரிடமும் வாலாட்டும் நாய் என்றார்கள். உண்மைதான். ஆனால் எங்கள் புளோக்கின் மின்தூக்கிக் கதவு திறந்ததும் நான்கு கால்களையும் பரப்பி, தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. தூக்கவும் முடியவில்லை, இழுக்கவும் மனம் வரவில்லை. ஒன்பதாம் மாடிக்குப் படியேறினோம். முதல் எட்டு நாள், நாளுக்கு மூன்று முறை, ஒன்பது மாடி ஏறி இறங்கினோம். என் தம்பிக்கு அந்த ஆண்டு உடற்தகுதித் தேர்வில் தங்க விருது கிடைத்ததற்குக் காரணம் அந்த நாய்தான் என்று அம்மா இன்றும் சொல்கிறார்.

மின்தூக்கிக்கு வெளியே அவித்த கோழித் துண்டு ஒன்று. மறுநாள் வாசலில் ஒன்று. அதற்கு அடுத்த நாள் உள்ளே ஒன்று, கதவு மூடாமல். ஒன்பதாம் நாள் கதவு மூடியது. அது நடுங்கியது, ஆனால் நின்றது. ஓடவில்லை. காப்பகத்தில் எவ்வளவு அன்பு காட்டினாலும் இந்தப் பாடத்தை அங்கே கற்றுக்கொடுக்க முடியாது. அங்கே மின்தூக்கி இல்லை.

இன்னொரு பாடம் எங்களுக்கு. எதிர்வீட்டில் வயதான மலாய் அம்மையார் இருந்தார். நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் தூய்மைச் சடங்கு செய்ய வேண்டியிருக்கும். தமிழ் முஸ்லிம் நண்பர்கள் உள்ளவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நாய் வருவதற்கு முதல் நாளே அப்பா போய்ச் சொல்லிவிட்டார். எந்த நேரத்தில் நாயை வெளியே அழைத்துச் செல்வோம் என்பதையும் சொன்னார். அவர் மின்தூக்கியில் இருந்தால் நாங்கள் அடுத்ததற்குக் காத்திருந்தோம். நடைபாதையில் நாங்கள் வந்தால் அவர் கதவருகே நின்றுகொண்டார். ஆறு வாரத்தில் ஒரு மனவருத்தமும் வரவில்லை. முன்கூட்டியே சொல்லாமல் இருந்திருந்தால் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பதின்மூன்று ஆண்டுக் கணக்கு

அப்படியானால் எல்லா மாணவர்களும் நாளைக்கே ஒரு நாயைத் தத்தெடுத்துவிடலாமா? வேண்டாம் என்பதுதான் என் பதில். குறைந்தது, நீங்கள் தனியாக முடிவெடுக்க வேண்டாம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாய் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள்வரை வாழக்கூடும். நீங்கள் இப்போது உயர்நிலை மூன்றில் படிக்கும் பதினைந்து வயதினர் என்று வைத்துக்கொள்வோம். குட்டியாக வரும் நாய் கண்ணை மூடும்போது உங்களுக்கு இருபத்தெட்டு வயது ஆகியிருக்கும். இடையில் தேசியத் தேர்வு, பிறகு தொடக்கக் கல்லூரியோ பலதுறைத் தொழிற்கல்லூரியோ தொழில்நுட்பக் கல்விக் கழகமோ, ஆண்பிள்ளைகளுக்கு ஈராண்டு தேசிய சேவை, பல்கலைக்கழகம், விடுதி வாழ்க்கை, ஒருவேளை வெளிநாட்டுப் பரிமாற்றத் திட்டம், முதல் வேலை, தேவைக்கேற்பக் கட்டப்படும் வீட்டுக்கான விண்ணப்பம். (மணம் முடிப்பவர்கள் ஆளுக்கொரு நாயோடு வந்தால், புது வீவக வீட்டில் ஒன்றுக்குத்தான் இடம் உண்டு. இதைக் காதலிக்கும்போது யாரும் பேசிக்கொள்வதில்லை.)

இந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் காலை ஆறரை மணிக்கு நாயை நடக்க அழைத்துச் செல்பவர் யார்? பெரும்பாலான வீடுகளில் அது அம்மா, தாத்தா, அல்லது பணிப்பெண். நாய் வேண்டும் என்று அழுது அடம்பிடித்தவர் அல்ல. அதனால்தான் நல்ல அமைப்புகள் தத்தெடுப்புக்கு முன் குடும்பத்தினர் எல்லாரையும் சந்திக்க விரும்புகின்றன, வீட்டையும் வந்து பார்க்கின்றன. சிலர் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். “நாங்கள் நல்லது செய்ய வந்தால் எங்களையே விசாரிக்கிறார்கள்” என்று கோபப்படுவோரை நானே பார்த்திருக்கிறேன். பாட்டிக்கு நாய் பூசை அறைப் பக்கம் வரக்கூடாது என்றால், அதை நாய் வருவதற்கு முன் பேசித் தீர்ப்பதே எல்லாருக்கும் நல்லது. சன்னலில் ஒரு வலை, பூசை அறைக்கு ஒரு சிறு தடுப்புக் கதவு என்று பல சிக்கல்கள் முடிந்துவிடும். பாட்டிக்குப் பயம் என்றால், அது வேறு பேச்சு.

பணமும் உண்டு. உரிமக் கட்டணம் பெரிதல்ல; கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90 வெள்ளி. இந்த வேறுபாடே அரசு எதை விரும்புகிறது என்பதைக் காட்டிவிடுகிறது. செலவு இருப்பது மருத்துவத்தில். தெருவில் வளர்ந்த நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல், இதயப் புழு போன்றவை இங்கே புதிதல்ல. வயதாகும்போது பல், மூட்டு, சிறுநீரகம் என்று பட்டியல் நீளும். ஒரே அறுவை சிகிச்சை ஆயிரக்கணக்கான வெள்ளியை விழுங்கிவிடும்.

முடியவில்லை என்று கைவிட்டால் சட்டம் இருக்கிறது: செல்லப்பிராணியைக் கைவிடுவோருக்கு 10,000 வெள்ளிவரை அபராதம், 12 மாதம்வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். பெற்றோர் சம்மதமின்றிப் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குச் செல்லப்பிராணி விற்பதும் குற்றம். ஆனால் சட்டத்தில் அகப்படாத ஒரு கைவிடல் உண்டு. முறையாகக் காப்பகத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது. அது குற்றமல்ல, சில சமயம் அதுவே சரியான முடிவும்கூட. ஆனால், திரும்பிவந்த நாயை இரண்டாம் முறை ஒரு வீட்டில் சேர்ப்பது முதல் முறையைவிடக் கடினம்.

பலர் திருப்பிக் கொடுப்பது முதல் சில வாரங்களில்தான். நாய்களோடு பழகியவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் அது பயந்து மூலையில் கிடக்கும், சாப்பிடாது. மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு புரியத் தொடங்கும். அதன் உண்மையான குணமும், சில சேட்டைகளும் வெளிவரும். இது தன் வீடு என்று அது நம்ப மூன்று மாதம் ஆகும். எல்லா நாய்க்கும் அப்படியே பொருந்திவிடாது. எங்கள் விருந்தாளி இரண்டாம் நாளே சாய்விருக்கையின் ஒரு முனையைத் தின்றுவிட்டது.

எனவே மாணவப் பருவத்தில் இருப்பவருக்குத் தற்காலிக வளர்ப்பு, தத்தெடுப்பைவிடப் பொருத்தமானது என்று நினைக்கிறேன். பள்ளி விடுமுறையில் ஆறு வாரம் என்பது குடும்பத்துக்கு ஒரு பரிசோதனை. காலை ஆறரை மணிக்கு எழுகிறீர்களா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்கும் வீட்டில் சம்மதம் இல்லையென்றால், விலங்கு வதைத் தடுப்புச் சங்கமும் வேறு பல காப்பகங்களும் இருக்கும் சுங்கை தெங்காவுக்கு வார இறுதியில் போகலாம். நடக்க அழைத்துப் போகவும் கூண்டு கழுவவும் அங்கே எப்போதும் ஆள் தேவை. வயது வரம்பு மட்டும் இடத்துக்கு இடம் மாறும்.

பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கு இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. ‘அடோர்’ திட்டத்தில் வீடு பெற்ற நாய்களைப் பற்றி எத்தனை புகார்கள் வந்தன, பட்டியல் இன நாய்களைப் பற்றி எத்தனை, அவற்றில் உயரத்தோடு தொடர்புடையவை எத்தனை? இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுபவர்கள் இதைக் கையிலெடுக்கலாம். பூனை விதி மாறுவதற்கு முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. உயர வரம்பு அடுத்து மறுபரிசீலனைக்கு வரும்போது, காதில் விழுந்த கதைகளுக்குப் பதிலாக எண்ணிக்கையோடு பேச யாராவது இருக்க வேண்டும்.

எங்கள் கறுப்பு நாய்க்கு ஏழாம் வாரம் வீடு கிடைத்தது. பொங்கோலில் பன்னிரண்டாம் மாடி. தத்தெடுத்த தம்பதியர் முதலில் கேட்ட கேள்வி, “மின்தூக்கியில் வருமா?”